தர்கா வாசலில் திரௌபதி

2022 ஏப்ரல் 16. சைத்ர மாதப் பௌர்ணமி. அன்று தில்லியின் ஜஹாங்கீர்புரியில் அனுமன் ஜெயந்தி ஊர்வலத்தின்போது மோதல் வெடித்தது. கர்நாடகத்தின் பழைய ஹூப்ளியில், ஒரு சமூக ஊடகப் பதிவைத் தொடர்ந்து, காவல் நிலையத்தின் மீதே கற்கள் வீசப்பட்டன. அதே இரவில் பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியில் பெருந்திரளான மக்கள் உறங்காமல் காத்திருந்தனர். நள்ளிரவு கடந்தபின் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து மல்லிகைப் பூவால் மூடப்பட்ட கரகம் புறப்பட்டது. அதைத் தலையில் ஏந்தியவர் பெண்கோலம் பூண்ட ஓர் ஆண் பூசாரி. அவரைச் சுற்றி உருவிய வாளுடன் வீரகுமாரர்கள். தெருத்தெருவாகச் சென்ற கரகம், ஆண்டாண்டுக் கால வழக்கப்படி, காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்றது.

அந்த ஆண்டில் அது இயல்பாக நடந்துவிடவில்லை. மார்ச் 15இல் ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. கடலோர மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வணிகர்கள் கடை போடக்கூடாது என்று பதாகைகள் தொங்கின. 1997ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் 2002இல் வகுக்கப்பட்ட ஒரு விதியை அன்றைய பாஜக அரசு அதற்கு ஆதரவாகச் சட்டமன்றத்தில் எடுத்துக்காட்டியது. யுகாதியை ஒட்டி ஹலால் இறைச்சிக்கு எதிரான பிரச்சாரமும் முடுக்கிவிடப்பட்டது. இந்தச் சூட்டில்தான், கரகம் தர்காவுக்குப் போகக்கூடாது என்று இந்துத்துவ அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் கோரினர். தர்காவைச் சேர்ந்தவர்களோ கோயிலுக்கு நேரில் வந்து, வழக்கம்போல் வரவேண்டும் என்று அழைத்தனர். வழக்கத்தை மாற்றப்போவதில்லை என்று கோயில் தரப்பினர் உறுதியாகக் கூறினர். கரகம் சென்றது, தர்காவில் வரவேற்கப்பட்டது, திரும்பியது.

மதச்சார்பின்மை குறித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றும் எந்த அமைப்பும் அந்த முடிவை எடுக்கவில்லை. தோட்ட வேலையையும் பூ வேலையையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஒரு சமூகம் எடுத்தது. அரசியலமைப்பின் பிரிவு எதையும் அவர்கள் மேற்கோள் காட்டவில்லை. ‘வழக்கம்’ என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். மாநில அரசும் தெருவில் திரண்ட கும்பல்களும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சொல் தாங்கி நின்றது. அது எதனால் தாங்கியது என்பது இடதுசாரிகள் ஆராய வேண்டிய கேள்வி. அதற்கு, இந்து மரபின் சொற்கள் சிலவற்றை, அகராதியில் தேடாமல் அவை புழங்கும் தெருவில் தேட வேண்டியிருக்கிறது.

கரகம்

தொல்காப்பிய மரபியல், அந்தணர்க்கு உரிய பொருள்களை எண்ணும்போது நூல், முக்கோல், மணை ஆகியவற்றோடு கரகத்தையும் சேர்க்கிறது. அங்கே அது துறவியின் நீர்க்கலம். அதே சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவின் பூங்கரகம் ஆயிற்று. கரகாட்டம் என்னும் கலையும் ஆயிற்று. பெங்களூருவில் அது தெய்வத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே ‘கரகம் வருகிறது’ என்றால் திரௌபதி வருகிறாள் என்று பொருள். முக்கோல் பிடித்தவர் கையிலிருந்த கலம் மண்வெட்டி பிடித்தவர் தலைக்கு ஏறிய கதை இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தக் கரகத்தைச் சுமக்கும் சமூகத்தின் பெயர் திகளர். ‘திகுளர்’ என்பது பழைய கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல். தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேறித் தோட்டக்கலையில் தேர்ந்த இம்மக்களை, ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடு இணைத்துப் பேசுவது வழிவழிச் செய்தி. பெங்களூருவின் ஏரிகளை ஒட்டிக் காய்கறியும் பூவும் பயிரிட்டு அந்நகரத்துக்கு அளித்தவர்கள் இவர்கள். திருவிழாவின் ‘ஹசி கரகம்’, அதாவது பச்சைக் கரகம், சம்பங்கி ஏரி இருந்த இடத்திலிருந்து புறப்படுகிறது. அந்த ஏரி இன்று இல்லை. அதன் பெரும்பகுதி ஸ்ரீகண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. ஒரு சிறு குளம் எஞ்சியிருக்கிறது. ஏரியும் தோட்டமும் போனபின்னும், ஆண்டுக்கு ஒருமுறை அந்த மக்கள் அங்கே சென்று நிற்கிறார்கள். நகரம் தங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நீர்நிலை எது என்பதை எந்த வருவாய்த்துறை ஆவணத்தையும் விட உறுதியாக அச்சடங்கு நினைவில் வைத்திருக்கிறது.

இதிலிருந்து ‘இது தமிழர் விழா’ என்று உரிமை கொண்டாடக் கிளம்புவது தவறு. திகளர்கள் பல தலைமுறைகளாகக் கர்நாடக மக்கள். கன்னடம் பேசும் பெங்களூரு இவ்விழாவைத் தன்னுடையதாக ஏற்றிருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் இதே நகரத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதை நினைப்பவர்களுக்கு, ‘திகளர்’ என்னும் பெயரைத் தாங்கிய மக்களின் விழா நகரத்தின் பொதுவிழாவாக நிற்பதன் அருமை புரியும்.

சக்தி

புராணக் கையேடுகளில் திரௌபதிக்கு ஒரு வரிதான் கிடைக்கும்: துருபதன் மகள், வேள்வித் தீயில் பிறந்தவள், பாண்டவர் ஐவரின் மனைவி. அந்த வரியின்படி அவள் காவியத்தின் பாத்திரம், தெய்வம் அல்லள். அவளுக்குக் கோயில் கட்டியவர்கள் வடதமிழகத்தின் உழவர்கள். செஞ்சி, விழுப்புரம், கடலூர், ஆற்காட்டுப் பகுதிகளில் ஊர்தோறும் திரௌபதி அம்மன் இருக்கிறாள். பகலில் வில்லிபுத்தூராரின் பாரதமோ நல்லாப்பிள்ளை பாரதமோ படித்து விளக்கப்படும். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நிகழும். கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான், திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிவாள், பின்னர் தீமிதி.

அவள் கடலும் கடந்தாள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலின் தீமிதி திரௌபதிக்கு உரியது. இலங்கையின் கிழக்கில் பாண்டிருப்பில் அவளுக்குக் கோயில் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்ட ரீயூனியன் தீவில், ‘பாஞ்சாலி’ என்ற பெயரே உருமாறி ‘பாண்டியாலே’ என்று வழங்குகிறது. உழைப்புக்காக விற்கப்பட்டவர்கள், சூதில் பணயமாக வைக்கப்பட்டவளைத் தங்களோடு எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

பெங்களூருவில் வழங்கும் கதை மகாபாரதத்தின் ஏட்டில் இல்லாதது. பாண்டவர்கள் சுவர்க்கத்தை நோக்கிச் செல்கையில் பின்தங்கிய திரௌபதியை திமிராசுரன் எதிர்க்கிறான். அவள் ஆதிசக்தியாக வடிவெடுத்துத் தன் உடலிலிருந்து வீரகுமாரர்களைப் படைக்கிறாள், அசுரனை வெல்கிறாள். போகவேண்டாம் என்று கெஞ்சும் வீரகுமாரர்களுக்கு, ஆண்டுதோறும் வருவதாக வாக்களிக்கிறாள். ஏட்டின் கதையில் அவள் இமயமலைப் பாதையில் முதலில் வீழ்பவள். அருச்சுனன்பால் அவள் காட்டிய கூடுதல் அன்பே அதற்குக் காரணம் என்று தருமன் விளக்குகிறான். அந்த முடிவைத் தோட்டக்காரர்கள் ஏற்கவில்லை. வீழ்ந்தவளை எழுப்பி, வாள் கொடுத்து, ஊருக்கு அழைத்துவந்துவிட்டார்கள். கதையைப் படைத்தவர்கள் கதையைத் திருத்தும் உரிமையையும் தங்களிடமே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘இந்து மதம் என்றால் இன்னதுதான்’ என்று ஒற்றைப் பட்டியல் போடும் முயற்சி முதலில் பறிப்பது இந்த உரிமையைத்தான்.

ராவுத்தன்

திரௌபதி தர்காவுக்குச் செல்வது பெங்களூருவின் தற்செயல் நிகழ்வு என்று கருதுவோர் அவளுடைய செஞ்சிப் பகுதிக் கோயில்களைப் பார்க்கலாம். அங்கே அவளுக்குக் காவல் தெய்வங்கள் இருவர். ஒருவர் போத்துராஜா. மற்றவர் முத்தால ராவுத்தன். அவர் ஒரு முஸ்லிம். அம்மனின் கோயிலைக் காக்கும் பொறுப்பை அம்மக்கள் ஒரு முஸ்லிம் வீரனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

‘ராவுத்தன்’ என்றால் குதிரைவீரன். குதிரை வணிகத்தோடும் படையோடும் தொடர்புடைய தமிழ் முஸ்லிம்கள் ராவுத்தர் என்றே இன்றும் அழைக்கப்படுகிறார்கள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அச்சொல்லால் விளித்திருக்கிறார். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு இடமுண்டு. கர்நாடகத்தின் மேல்கோட்டையில் அவள் பீபி நாச்சியார். 2022இல் முஸ்லிம் வணிகர்களுக்கு எதிராகப் பதாகை வைக்கப்பட்ட ஊர்களில் முல்கிக்கு அருகிலுள்ள பப்பநாடும் ஒன்று. அவ்வூர் துர்கா பரமேசுவரி கோயிலின் தலவரலாறே பப்பா என்னும் முஸ்லிம் வணிகரோடு தொடங்குகிறது. கோயிலைத் தொடங்கிவைத்தவரின் வழிவந்தோர் கோயில் வாசலில் வளையல் விற்கக்கூடாது என்றால், பதாகை வைத்தவர்கள் தலவரலாற்றையே கிழித்தெறிகிறார்கள் என்றுதான் பொருள்.

தவக்கல் மஸ்தானைப் பற்றி வழங்கும் கதைகளும் பல. காயமுற்ற அவருக்குக் கரகப் பூசாரி மஞ்சள் இட்டுக் குணப்படுத்தினார் என்றும், கரகம் தம் இடத்துக்கு வரவேண்டும் என்று அவர் கேட்டார் என்றும் ஒரு கதை கூறுகிறது. அது வரலாற்று உண்மையா என்று துருவுவதைவிட, அக்கதை யாரிடம் வழங்குகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. ஒரே பேட்டையில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து, ஒரே சந்தையில் வாங்கி விற்ற மக்களிடம் அது வழங்குகிறது. நெருங்கிய வாழ்க்கை கதையைத் தந்தது. கதை வழக்கத்தைத் தந்தது. 2022இல் அந்த வழக்கம் மீண்டும் வாழ்க்கையைக் காத்தது. ஆனால் சந்தையும் பேட்டையும் கலைந்துபோனால், கதை மட்டும் நெடுங்காலம் நிற்காது. கடைகளைப் பிரிக்கும் பதாகை, தர்காவுக்குச் செல்லும் பாதையை அடைப்பதற்கான முதல் கல் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தர்மம்

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. மத நல்லிணக்கத்தின் பெயரால் மரபை அப்படியே போற்றிவிடும் பழக்கம் முற்போக்காளர்களிடமும் உண்டு. அதற்கு மேல்பாதி தடையாக நிற்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில் இருப்பதும் தருமராஜா திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் தோற்றன. ஜூன் 7 அன்று வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூசாரி பூசை செய்வதற்கு மட்டும் கதவு திறந்தது. தலித் மக்கள் உள்ளே சென்று வணங்க 2025 ஏப்ரல் வரை, அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு, காத்திருக்க வேண்டியிருந்தது. அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில் அது. ஆட்சியிலிருந்தது சமூகநீதி பேசும் கட்சி.

பெங்களூருத் திகளரும் வடதமிழக வன்னியரும் தங்களை வன்னிகுலம், அக்கினிகுலம் என்று கூறிக்கொள்பவர்கள். திரௌபதியும் தீயில் பிறந்தவள். இரு ஊர்களிலும் ஒரே தெய்வம், ஒரே கதை. ஒரு நகரத்தில் தெய்வம் தானே எழுந்து முஸ்லிம் அடியாரின் வாசலுக்குப் போகிறது. ஒரு கிராமத்தில் அதே தெய்வத்தின் வாசலுக்குப் பக்கத்துத் தெரு மக்கள் வரக்கூடாது என்கிறார்கள். தடுத்தவர்களும் வயலில் உழைப்பவர்கள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களிடமும் ஒரே பதில்தான் இருந்தது: ‘வழக்கம்’.

ஆகவே, வழக்கம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பெங்களூருவில் எந்தச் சொல் கும்பலைத் தடுத்ததோ, அதே சொல் மேல்பாதியில் மக்களைத் தடுத்தது. பெண்கள் வகையிலும் இதுவே நிலை. சபையில் இழிவுபடுத்தப்பட்ட ஒரு பெண்ணின் ஆற்றலைக் கொண்டாடும் விழாவில், கரகம் ஏந்தும் உரிமை ஆணுக்குத்தான் இருக்கிறது. அவர் மனைவியின் தாலியையும் வளையல்களையும் வாங்கி அணிந்துகொள்கிறார். மனைவியோ அந்த நாட்களில் அவற்றை இழந்து நிற்கிறார்.

இந்த முரணைத் தீர்க்கும் அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது அந்தக் கதையிலேயே இருக்கிறது. சூதாட்ட சபையில் திரௌபதி அழுதுகொண்டு மட்டும் நிற்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள். தன்னைத் தோற்றபின் என்னைத் தோற்றானா, என்னைத் தோற்றபின் தன்னைத் தோற்றானா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவர் மீது என்ன உரிமை? தருமனின் பெயரிலேயே தர்மம் இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் நழுவினார். மூத்தோர் நிறைந்த சபையில், கௌரவ சகோதரர்களுள் விகர்ணன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசினான். 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை வெளியிட்ட பாரதி, இந்த இடத்தில் நாட்டின் அடிமைநிலையைக் கண்டார். மேல்பாதியில் நின்ற தலித் மக்களும் அந்தக் கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்டார்கள்: எங்களைப் பணயம் வைக்க நீங்கள் யார்? கதவுக்கு உள்ளே இருந்த தெய்வத்தின் கேள்வியைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்சி உறுப்பினரின் வேலை

இத்தகைய சொற்களின் முன் இடதுசாரிகள் இரு தவறுகளைச் செய்வதுண்டு. முதலாவது, ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று கைகழுவுவது. அப்படிக் கைவிடப்பட்ட இடத்தில் சங் பரிவாரம் ஒரே இரவில் கொடி நட்டுவிடுகிறது. இரண்டாவது, தேர்தல் நெருங்கும்போது மட்டும் ‘மக்கள் மரபு’ என்று மாலை போடுவது. அந்த மாலைக்குள் சாதி மறைந்துகொள்கிறது.

மூன்றாவது வழியொன்றை இந்திய மார்க்சியர்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். டி.டி. கோசாம்பி புராணங்களை நூலகத்தில் மட்டும் படிக்கவில்லை. புனேயைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் நடந்து, தெய்வங்களை அவை நின்ற நிலத்தோடும் மக்களின் தொழிலோடும் சேர்த்துப் படித்தார். ‘மித் அண்ட் ரியாலிட்டி’ 1962இல் வெளிவந்தது. பேராசிரியர் நா. வானமாமலை நெல்லையிலிருந்து கதைப்பாடல்களைத் தொகுத்தார். ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். சாதிக்கு எதிரான குரல் நாட்டார் கதைகளில் எங்கே எழுகிறது, எங்கே அடங்கிப்போகிறது என்று காட்டினார். இருவரும் கடவுள் நம்பிக்கை உடையவர்களாக நடிக்கவில்லை. நம்பிக்கை உடைய மக்களை இகழவும் இல்லை.

இன்றைய தோழர்களுக்கு அந்த வேலை மிச்சமிருக்கிறது. பெங்களூருவின் தமிழ்க் குடியிருப்புகளில் பணியாற்றுவோர், கரகம் செல்லும் பாதையை ஒருமுறையேனும் நடந்து பார்க்க வேண்டும். தர்காவில் அதை வரவேற்போரோடும் பூ கட்டுவோரோடும் பேச வேண்டும். அடுத்த முறை அந்தப் பாதையை அடைக்க முயற்சி நடந்தால், கட்சியின் கண்டன அறிக்கை மட்டும் போதாது; அந்த வழக்கத்துக்கு உரியவர்களோடு முன்கூட்டியே உறவு இருக்க வேண்டும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பணியாற்றுவோர், பாரதம் படிக்கும் பந்தலில் உட்கார்ந்து கதை கேட்கும் உழவரிடம் திரௌபதியின் கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். ‘உங்கள் தெய்வம் பொய்’ என்று தொடங்கும் பேச்சு அங்கே முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடும். ‘உங்கள் அம்மன் சபையில் என்ன கேட்டாள்?’ என்று தொடங்கும் பேச்சு, கோயில் கதவு வரைக்கும் போகும்.

தர்காவுக்குச் செல்லும் பாதையைத் திறந்து வைப்பதும் மேல்பாதியின் கதவைத் திறந்து வைப்பதும் ஒரே போராட்டம். ஒன்றில் வழக்கத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. மற்றொன்றில் வழக்கத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. எதைக் காப்பது, எதை உடைப்பது என்பதைத் தீர்மானிக்கத் திரௌபதியின் கேள்வி போதும்: இந்த வழக்கத்தில் பணயமாக வைக்கப்படுபவர் யார்?